மாணாக்கரும் புகைப் பழக்கமும்: தடை மட்டும் போதுமா?

நமது பார்லிமெண்டு 2003-ஆம் வருஷத்தில் நிறைவேற்றிய புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் கல்விச் சாலைகளின் விஷயத்தில் தெளிவாகவே பேசுகிறது. கலாசாலையைச் சுற்றி 100 கெஜ தூரத்துக்குள் சிகரெட், பீடி, வாய்ப் புகையிலை முதலிய எதையும் விற்கலாகாது. 18 வயது நிரம்பாதவருக்கு எவ்விடத்திலும் விற்கலாகாது. பொது இடங்களில் புகை பிடிக்கலாகாதென்ற விதி, 2008-ஆம் வருஷம் அக்டோபர் 2-ந் தேதி, காந்தியடிகள் பிறந்த தினத்தன்று, விரிவான வடிவில் அமுலுக்கு வந்தது. கலாசாலைகளும் அவ்விதிக்கு உட்பட்டவையே. மீறுவோருக்கு 200 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். 2019-ல் மத்திய சுகாதார இலாகா வகுத்த வழிமுறைகளோ, கல்வி நிலையத்தின் மதிலிலிருந்து 100 கெஜம் அளந்து மஞ்சள் கோடு போடும்படியும் சொல்லுகின்றன.

இவை யாவும் வேண்டியவையே. ஆயினும், மதிலுக்குள் வரும்பொழுதே பழக்கத்தில் சிக்கியிருக்கும் மாணவனுக்கு, அல்லது உள்ளே வந்த பிறகு சிக்கிக்கொண்ட மாணவனுக்கு, மஞ்சள் கோட்டினால் என்ன பிரயோஜனம்? அவன் அக்கோட்டைத் தாண்டி 101-வது கெஜத்தில் நின்று பற்ற வைக்கிறான். அவ்வளவே வித்தியாசம். விற்பனைக்கு எல்லை கட்டியிருக்கிறோம். விட விரும்புகிறவனுக்கு வழி காட்டியிருக்கிறோமா? இந்தக் கேள்வியைக் கொங்கு நாட்டுக் கல்வி நிலையங்களின் முன்னிலையில் வைக்க விரும்புகிறோம்.

கோயம்புத்தூர் ஆலைகளால் பெயர் பெற்ற நகரம்; இன்று கல்வியாலும் பெயர் பெற்றிருக்கிறது. பழைய விவசாயக் கலாசாலை 1971-ல் தமிழ்நாடு வேளாண்மைச் சர்வகலாசாலை ஆயிற்று. மருதமலை அடிவாரத்தில் 1982-ல் பாரதியார் சர்வகலாசாலை எழுந்தது. கோவை, திருப்பூர், ஈரோடு, நீலகிரிப் பிரதேசங்களில் நூற்றுக்கு மேற்பட்ட கல்லூரிகள் அதனைச் சார்ந்திருக்கின்றன. பீளமேட்டிலிருந்து எட்டிமடை வரையில் கல்விச் சாலை இல்லாத சாலையைக் காண்பது அரிது. கோபியிலிருந்தும், தாராபுரத்திலிருந்தும், காங்கயத்திலிருந்தும், பொள்ளாச்சியிலிருந்தும் பிள்ளைகள் பெட்டி படுக்கையோடு வந்து இறங்குகிறார்கள். இவர்களில் பலர் தம் குலத்தில் கல்லூரி வாசலை முதல் முதல் மிதித்தவர்கள். தகப்பனார் விசைத்தறியில் இராக்கண் விழித்தோ, பனியன் கம்பெனியில் கூடுதல் நேரம் உழைத்தோ, காட்டை அடமானம் வைத்தோ சம்பளம் கட்டுகிறார். அந்தப் பணத்தில் ஒரு பங்கு தினந்தோறும் புகையாகப் போவது அவருக்குத் தெரியாது. தெரிந்தால் அவர் மனம் என்ன பாடுபடும் என்பதை மகன் அறிவான். அதனாலேயே அவன் ஒளிக்கிறான்.

பழக்கம் தொடங்கும் விதம் எல்லோரும் அறிந்ததே. விடுதியில் அறைத் தோழன் நீட்டுகிறான். வேண்டாமென்று சொல்லக் கூச்சமாயிருக்கிறது. பெட்டிக் கடையில் ஒன்றே ஒன்று சில்லறையாகக் கிடைக்கிறது. இந்தச் சில்லறை வியாபாரத்தைப் பற்றி ஒரு விஷயம் கவனிக்கத்தக்கது. 2016-ஆம் வருஷம் ஏப்ரல் முதல் சிகரெட் பெட்டியின் முகப்பில் 85 சதவீதப் பரப்பை எச்சரிக்கைப் படம் அடைத்திருக்க வேண்டும் என்பது விதி. 2018 செப்டம்பர் முதல், பழக்கத்தை விட உதவி செய்யும் இலவச டெலிபோன் நம்பரும் அப்பெட்டியில் அச்சாக வேண்டும். ஆனால் ஒற்றைச் சிகரெட் வாங்கும் மாணவனுடைய கைக்குப் பெட்டியே வருவதில்லை. எச்சரிக்கையும் அவன் கண்ணில் படுவதில்லை. உதவிக்கான நம்பரும் படுவதில்லை. சர்க்கார் செலவிட்டு எழுதிய கடிதம் விலாசதாரரைச் சேராமல் கடைக்காரரின் பலகையிலேயே தங்கிவிடுகிறது.

பழக்கம் பற்றிக்கொண்ட பிறகு நடப்பதைச் சற்று விரிவாகக் கூறுவது அவசியம். ஏனெனில், புகை பிடிப்பவன் மன உறுதியற்றவன், ஒழுக்கம் கெட்டவன் என்று ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்லிவிடும் வழக்கம் நம் பெரியோர்களிடம் இருக்கிறது. புகையிலையிலுள்ள நிகோடின் என்ற சத்து, புகையை உள்ளிழுத்த 10 முதல் 20 விநாடிக்குள் மூளையை எட்டிவிடுகிறது. அங்கே ஒரு சிறு இன்பத்தை எழுப்புகிறது. இரத்தத்தில் அதன் அளவு ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் பாதியாகக் குறைகிறது. குறையக் குறைய, மூளை மறுபடியும் கேட்கிறது. எரிச்சல், பதற்றம், மனம் ஒன்றில் நில்லாமை ஆகியவை தலைகாட்டுகின்றன. பரீட்சை மூன்று மணி நேரம் நடக்கிறது. மூன்றாவது மணியில் இவன் கை தளர்கிறது. புத்தி வெளியே நிற்கும் கடையை நாடுகிறது. வெளியே வந்து பற்ற வைத்தவுடன் தெளிவு பிறக்கிறது. உடனே, ‘சிகரெட் எனக்குப் படிப்பில் கவனம் தருகிறது’ என்று அவன் முடிவு செய்கிறான். உண்மையில், முந்திய சிகரெட் உண்டாக்கிய குறையைப் பிந்திய சிகரெட் தற்காலிகமாகத் தீர்க்கிறது. கடன் கொடுத்தவனே வட்டிக்கு மறுகடன் கொடுப்பது போன்ற வியாபாரம் இது. இதை மாணவனுக்கு யாராவது உட்கார்ந்து விளக்கியிருக்கிறார்களா? அறிவிப்புப் பலகையில் ‘புகை பிடித்தால் அபராதம்’ என்று எழுதியிருக்கிறதேயன்றி, இந்த விளக்கம் எங்கும் எழுதியிருக்கக் காணோம்.

விட முயல்பவனுக்கு முதல் இரண்டு மூன்று நாட்கள் மிகக் கடினமானவை. அதன் பின் தொல்லை படிப்படியாகத் தணிந்து, இரண்டு முதல் நான்கு வாரங்களில் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. ஒவ்வொரு தடவை எழும் வேட்கையும் சில நிமிஷங்களே நிற்கும். இந்தக் கணக்கு தெரிந்தவனுக்குத் தைரியம் உண்டாகும். தெரியாதவனோ, இந்த வேதனை ஆயுள் பரியந்தம் நீடிக்குமென்று அஞ்சி இரண்டாம் நாளிலேயே தோற்றுவிடுகிறான்.

விட வேண்டுமென்ற ஆசை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2016-17-ல் தேசமெங்கும் எடுக்கப்பட்ட கணக்கின்படி, வயது வந்தோரில் நூற்றுக்கு 28.6 பேர் ஏதாவதொரு வடிவில் புகையிலையை உபயோகிக்கிறார்கள். புகை பிடிப்போரில் நூற்றுக்கு 55-க்கு மேற்பட்டவர்கள் விட்டுவிட எண்ணியிருப்பதாகத் தெரிவித்தார்கள். பாதிக்கு மேற்பட்டோர் வெளியே வரத் துடிக்கிறார்கள். கதவு எங்கேயென்று காட்டுவோர் இல்லை. யாருடைய உதவியுமின்றித் தானாக விடுபவர்களில், ஆறு மாதம் முதல் ஒரு வருஷம் வரையில் திரும்பாமல் நிற்பவர் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேர்களே என்று ஆராய்ச்சியாளர் கணித்திருக்கிறார்கள். நிகோடினை மெல்லும் வில்லையாகவோ, தோலில் ஒட்டும் பட்டையாகவோ குறைந்த அளவில் கொடுத்து வேட்கையைத் தணிக்கும் சிகிச்சை இவ்வெற்றியை ஒன்றரை மடங்காக உயர்த்துகிறது. தக்கவர் ஒருவர் அடிக்கடி விசாரித்துப் பேசினால் இன்னும் உயரும். ஆகவே உதவி என்பது வெறும் இரக்கமன்று. அளந்து பார்க்கக்கூடிய பலன் தரும் காரியம்.

இளமையில் விடுவதன் லாபம் எவ்வளவு என்பதற்கு ஓர் ஆதாரம் காட்டுவோம். ரிச்சர்ட் டால் என்னும் ஆங்கில வைத்திய அறிஞரும் அவருடைய சகாக்களும் 1951-ல் தொடங்கி, பிரிட்டிஷ் வைத்தியர்கள் பல்லாயிரவரின் வாழ்வை ஐம்பது வருஷம் தொடர்ந்து கவனித்து, 2004-ல் முடிவை வெளியிட்டனர். புகை பிடிப்பதை விடாதவர்கள் சராசரியாகப் பத்து வருஷ ஆயுளை இழந்தார்கள். 60 வயதில் விட்டவர் மூன்று வருஷத்தையும், 50-ல் விட்டவர் ஆறு வருஷத்தையும், 40-ல் விட்டவர் ஒன்பது வருஷத்தையும் மீட்டுக்கொண்டனர். 30 வயதில் விட்டவரோ ஏறக்குறைய பத்து வருஷத்தையும் மீட்டுக்கொண்டார். கல்லூரி மாணவனுக்கு வயது இருபது. இழந்த சொத்து முழுவதையும் திரும்பப் பெறும் காலத்தில் அவன் இருக்கிறான். இந்தக் காலத்தை வீணாக்கிவிட்டு ஐம்பதாவது வயதில் அவனை ஆஸ்பத்திரியில் சந்திப்பது நமக்கு அழகா?

அந்நிய நாட்டுக் கணக்கு நமக்கு எதற்கு என்பார் உண்டு. நம் நாட்டுக் கணக்கும் இருக்கிறது. சென்னையிலும் விழுப்புரம் கிராமப் புறங்களிலும் இறந்துபோன 43,000 ஆண்களையும், உயிரோடிருந்த 35,000 ஆண்களையும் ஒப்பிட்டு நடத்திய ஆராய்ச்சி 2003-ல் வெளியாயிற்று. காசநோயால் மடிவது, புகை பிடிக்காதவரைவிடப் பிடிப்பவரிடையே ஏறத்தாழ நான்கு மடங்கு என்று அது காட்டியது. பெருந்துறைச் சானடோரியத்தை மறவாத கொங்கு நாட்டாருக்குக் காசநோய் என்ன செய்யும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. பஞ்சுத் தூசியும் தறித் தூசியும் நெஞ்சில் படியும் குடும்பங்களிலிருந்து வரும் பிள்ளைகள், மேலும் ஒரு சுமையை அந்நெஞ்சில் ஏற்றலாமா?

இனி, கல்லூரிகள் பொதுவாகச் செய்வது என்ன? அகப்பட்டவனுக்கு அபராதம் விதிக்கின்றன, தகப்பனாரை வரவழைக்கின்றன, விடுதியிலிருந்து சில நாட்கள் நீக்கி வைக்கின்றன. இதன் பலனை ஆலோசிக்க வேண்டும். தண்டனைக்கு அஞ்சுகிறவன் தன் பழக்கத்தைப் பற்றி எந்த ஆசிரியரிடமும் வாய் திறக்க மாட்டான். விட விரும்புகிறவன், ‘ஐயா, எனக்கு உதவி செய்யுங்கள்’ என்று கேட்பதே குற்றத்தை ஒப்புக்கொள்வதாக ஆகிவிடுகிறது. நோயாளி வைத்தியரைக் கண்டு ஒளியும்படி செய்யும் ஏற்பாடு எவ்வளவு கண்டிப்பானதாயிருந்தாலும் நல்ல ஏற்பாடு ஆகாது.

தடையும் துணையும் சேர்ந்து செல்ல வேண்டுமென்பது கொங்கு மண்ணுக்குப் புதிய பாடமன்று. 1921-ல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியல் நடந்தபோது ஈ. வே. ராமசாமியுடன் நாகம்மையாரும் கண்ணம்மாளும் கடை வாசலில் நின்றார்கள். மறியல் என்பது, குடிக்க வருகிறவனிடம் நேருக்கு நேர் நின்று மன்றாடும் முறை. ராஜாஜி 1925-ல் திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தை நிறுவினார். அங்கிருந்து 1929-ல் ‘விமோசனம்’ என்ற மதுவிலக்குப் பத்திரிகையை நடத்தினார். ‘கல்கி’ அதில் உடனிருந்து உழைத்தார். கதையாலும் படத்தாலும் குடியானவனுடைய மனத்தோடு பேசிய பத்திரிகை அது. சேலம் ஜில்லாவில் மதுவிலக்குச் சட்டம் அமுலுக்கு வந்தது 1937-ஆம் வருஷம் அக்டோபர் முதல் தேதியில். அதாவது, சட்டம் வருவதற்கு எட்டு வருஷம் முன்னரே மனத்தைத் திருப்பும் வேலை தொடங்கிவிட்டது. புகையிலை விஷயத்தில் நாம் தலைகீழாக நடந்திருக்கிறோம். சட்டம் வந்து இருபது வருஷத்துக்கு மேலாகியும், மனத்தோடு பேசும் வேலையைக் கலாசாலைகள் இன்னும் முறையாகத் தொடங்கவில்லை.

சில ஆட்சேபங்களைக் கவனிப்போம். மாணவர்கள் வயது வந்தவர்கள், அவர்களுடைய சுதந்திரத்தில் நாம் ஏன் தலையிட வேண்டும் என்பது ஒன்று. விட விரும்பியும் விட முடியாமல் தவிப்பவனுக்குக் கை கொடுப்பது சுதந்திரத்தைப் பறிப்பதாகுமா? அவன் இழந்த சுதந்திரத்தைத் திரும்பக் கொடுப்பதல்லவா அது?

புகையிலை பயிரிடும் குடியானவர்கள் கதி என்ன என்பது மற்றொன்று. இக்கேள்வியை நாம் அலட்சியம் செய்யவில்லை. பவானி, அந்தியூர், சத்தியமங்கலம் பக்கங்களில், வேறு பயிருக்கு உதவாத உப்புத் தண்ணீர்க் கிணற்றை நம்பியும் புகையிலை வைக்கும் குடும்பங்கள் உண்டு. ஆனால் அங்கே விளைவது பெரும்பாலும் மெல்லும் புகையிலை. சிகரெட்டுக்கான இலை முக்கியமாக ஆந்திரத்திலும் கன்னட நாட்டிலும் விளைகிறது. கோவை மாணவன் சிகரெட்டை விட்டால் பவானிக் குடியானவனுடைய அடுப்பு அணைந்துவிடாது. மெல்லும் புகையிலையும் வாய்ப் புற்றுக்குக் காரணமாகையால், அக்குடியானவர்களுக்கு மாற்றுப் பயிர் காட்டும் கடமை சர்க்காருக்கு இருக்கிறது. 2004-ல் நமது தேசம் ஏற்றுக்கொண்ட சர்வதேசப் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையே அதை வற்புறுத்துகிறது. மாற்றுப் பயிரைப் பற்றி ஆராய வேளாண்மைச் சர்வகலாசாலையைவிடத் தகுந்த இடம் எது?

சிகரெட்தானே கெடுதல், பீடி நம் நாட்டுச் சரக்கு என்று சமாதானம் சொல்வோரும் இருக்கிறார்கள். 1930-ஆம் வருஷச் சட்டமறுப்புக் காலத்தில் அந்நியச் சிகரெட்டைப் பகிஷ்கரித்த தேசபக்தர்கள் சிலர் பீடிக்கு மாறினார்கள் என்பது உண்மை. ஆனால் நுரையீரலுக்குச் சுதேசி, விதேசி பேதம் தெரியாது. மின்சாரச் சிகரெட்டைக் கொண்டு பழக்கத்தை விடலாமென்ற வாதமும் கேட்கப்படுகிறது. பிரிட்டனில் அம்முறைக்கு வைத்தியர் ஆதரவு உண்டு. நமது தேசத்திலோ அதன் உற்பத்தியும் விற்பனையும் 2019 முதல் சட்டப்படி தடுக்கப்பட்டிருக்கின்றன. ஆகவே அது நமக்கு வழியாகாது.

பணம் எங்கே என்று கேட்பவர்களுக்குச் சொல்லுகிறோம்: கருவிகள் பெரும்பாலும் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கின்றன. 2002-லேயே உலக சுகாதார ஸ்தாபனத்தின் உதவியோடு தேசத்தில் 13 இடங்களில் புகையிலை நிறுத்த நிலையங்கள் தொடங்கப்பட்டன. அவற்றுள் அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரியும் ஒன்று. 1800-11-2356 என்ற நம்பரில் கட்டணமின்றி ஆலோசனை தரும் தேசிய நிலையம் 2016-ல் டில்லியில் தொடங்கிற்று. 2018-ல் பெங்களூர் நிமான்ஸ் முதலிய நிலையங்களும் அதனோடு சேர்ந்தன. நிகோடின் மாற்றுச் சிகிச்சை 2022-ல் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இடம் பெற்றது. கோவையிலேயே 1966 முதல் அரசினர் வைத்தியக் கல்லூரியும், 1985 முதல் பூ. சா. கோ. வைத்தியக் கல்லூரியும் இருக்கின்றன. அமெரிக்காவில் காலிபோர்னியா சர்வகலாசாலை 2014 ஜனவரியில் தன் பத்துக் கிளைகளிலும் புகையிலையை விலக்கியபொழுது, விட விரும்புவோருக்கு உதவியையும் கூடவே ஏற்பாடு செய்தது. அவர்களுக்கு இயன்றது நமக்கு இயலாதா?

ஆகவே, கொங்கு நாட்டுச் சர்வகலாசாலைகளும் கல்லூரிகளும் செய்யத்தக்கவையாக நாம் கருதுவன இவை. முதலாவது, புதிதாகச் சேரும் மாணவனைக் கல்லூரி வைத்தியர் தனியாக விசாரித்துப் பழக்கம் உண்டா என்று அறிய வேண்டும். அவ்விவரம் ஆபீசுக்கோ வீட்டுக்கோ போகலாகாது. இரண்டாவது, வாரத்தில் இரண்டு மாலைகளாவது, பயிற்சி பெற்ற வைத்தியரோ ஆசிரியரோ ஓர் அறையில் காத்திருக்க வேண்டும். அங்கே வருகிறவனுக்குத் தண்டனை இல்லையென்பது எழுத்து மூலமாக உறுதி செய்யப்பட வேண்டும். மூன்றாவது, முதல் தடவை அகப்படுகிறவன் அபராதம் கட்டுவதற்குப் பதிலாக அவ்வறைக்குச் சில வாரம் வந்துபோகலாம் என்று விதி செய்ய வேண்டும்.

நான்காவது, விடும் நாளைப் பரீட்சைக்கு முந்திய வாரத்தில் வைக்காமல், பருவத்தின் தொடக்கத்தில் வைத்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். ஒரு வாரம், ஒரு மாதம், மூன்று மாதம், ஆறு மாதம் என்று கெடு வைத்து விசாரிக்க வேண்டும். இடையில் தவறி மறுபடியும் பிடித்துவிட்டால் அவனைத் தள்ளிவிடலாகாது. பலர் இரண்டு மூன்று தடவை தோற்ற பிறகே வெல்கிறார்கள். ஐந்தாவது, விட்டுவிட்ட மூத்த மாணவர்களைத் துணைவர்களாக நியமிக்க வேண்டும். இருபது வயதுப் பிள்ளையிடம் அறுபது வயது உபதேசத்தைவிட இருபத்திரண்டு வயது அனுபவம் அதிகம் பேசும். ஆறாவது, ஆசிரியர்கள், குமாஸ்தாக்கள், வாயிற்காவலர், சமையற்காரர், பஸ் டிரைவர் ஆகிய அனைவருக்கும் இவ்வுதவி கிடைக்க வேண்டும். ஆசிரியர் மரத்தடியில் ஊதிக்கொண்டிருக்க, மாணவனுக்கு மட்டும் விதி என்றால் அவ்விதிக்கு யார் மதிப்புக் கொடுப்பார்கள்?

துணைவேந்தர்களும், சிண்டிகேட் அங்கத்தினர்களும், கல்லூரிகளை நடத்தும் தர்மகர்த்தாக்களும் இதனை ஆலோசிக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்ளுகிறோம். மாணவர் சங்கங்களும் வாளாவிருக்கலாகாது. சம்பள உயர்வை எதிர்த்தும் உணவு விடுதிக் குறைகளுக்காகவும் கூடிப் போராடும் இளைஞர்கள், தம் தோழனை இந்தப் பிடியிலிருந்து மீட்பதற்கும் கூடலாமல்லவா? அறைக்கு ஒருவன் மீண்டாலும் விடுதி மாறும். விடுதி மாறினால் பெட்டிக் கடையில் விற்கும் சரக்கும் மாறும். மஞ்சள் கோட்டை வரையச் சில படி சாயம் போதும். கோட்டுக்கு அப்பால் நிற்கும் பையனை இப்பால் அழைத்து வருவதற்கு மனிதர் வேண்டும். அந்த மனிதர்கள் ஒவ்வொரு கலாசாலையிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஓர் அறையும், வாரத்தில் இரண்டு மாலைகளும், மேலதிகாரிகளின் ஒரு வார்த்தையுமே இன்று தேவை. வரும் கல்வியாண்டின் தொடக்கத்திலேயே அது நடக்கட்டும்.